மூணு விசில் கணக்கு

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மூன்றாம் மனிதர் யாரும் வந்து உங்களிடம் சொல்ல வேண்டாம். கிடர்பூர் துறைமுகத்து டாக் ஆபீஸில் என்னைப் பார்க்க வருகிற ஷிப்பிங் ஏஜெண்டுகள், "மேடமேர் மூட் கேமோன்?" என்று, என் மூட் எப்படி என வெளியே பியூனிடம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கே அந்த ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமை வந்த கோபம் புதிது.

பதினொன்றரை மணி இருக்கும். மஹிமா படிக்கிற அலிப்பூர் பள்ளியிலிருந்து போன். பேசியது பிரியம்வதா மிஸ், ஜூலையில் புதிதாக வந்த பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர்.

"மஹிமா கணக்குக்கு பேசிக் எடுத்திருக்கா. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் படிவம் பள்ளிக்கே போயிருக்காது.

பொதுத்தேர்வில் கணக்குக்கு இரண்டு வகைக் கேள்வித்தாள் உண்டு. ஒன்று ஸ்டாண்டர்டு, மற்றது பேசிக். பேசிக் சுலபமாக இருக்கும். ஆனால் அதை எழுதினவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்குக் குரூப் கிடையாது என்று அந்தப் பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கணக்கு இல்லையென்றால் ஆர்க்கிடெக்சர் இல்லை. மஹிமாவுக்கோ ஏழாம் வகுப்பிலிருந்து அது ஒன்றுதான் ஆசை. ஷ்யாம்பஜார் பக்கம் போனால் ஒவ்வொரு பழைய வீட்டு பால்கனிக்கும் கீழே நின்று நோட்டை விரித்து வரைய ஆரம்பித்துவிடுவாள், நாம் குடையோடு காவல் நிற்க வேண்டும். அவள் அறைச் சுவர் முழுக்க ஜன்னலும் படிக்கட்டும் தூணும்தான்.

"படிவத்துல யார் கையெழுத்து?" என்று கேட்டேன்.

"அப்பா கையெழுத்து. மாத்தணும்னா திங்கட்கிழமை பத்து மணி வரைக்கும் மாத்தலாம். ஆனா மாத்தச் சொல்லி நான் கூப்பிடல. நாளைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

என் கணவர் செந்தில்நாதன் பரம சாது. மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு என்று வந்த கோபம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டதால் அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, கையெழுத்துப் போட்டீயளாமே?"

"பிள்ள வந்து கேட்டா. போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா போட விடுவியா?"

"விட மாட்டேன்!"

"அதான் சொல்லல" என்று கைகால் கழுவப் போய்விட்டார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? மஹிமாவைக் கூப்பிட்டேன். அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, யாரக் கேட்டு பேசிக் போட்ட? ஆர்க்கிடெக்ட் ஆவேன் ஆவேன்னு செவுரெல்லாம் வரஞ்சு வச்சிருக்கியே, அதெல்லாம் என்னாச்சு?"

"ஆர்க்கிடெக்சர் வேண்டாம்மா."

"பின்ன?"

"வேற ஏதாவது படிக்கறேன். ஏதாவது."

"பாளையங்கோட்டையில நான் பி.எஸ்ஸி கணக்குல கோல்ட் மெடல். எனக்குப் பொறந்துட்டு கணக்கு வேண்டாங்க! யூனிட் டெஸ்ட்டுல எம்பதுக்கு ஒம்பது. ஒம்பது! மத்த எல்லாத்துலயும் எழுவதுக்கு மேல எடுக்கத் தெரியுது, இதுக்கு மட்டும் என்ன நோவு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கும். "நோ பிராப்ளம் மா, எனக்கு நிஜமாவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அது பொய் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு பிள்ளை தன் ஆசையை வேண்டாம் என்று சொல்கிறபோது அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தக் கணமே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ராத்திரி பெய்த மழையில் முழங்கால் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துபோய் நனைந்த கோழியாய் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றேன். பிரியம்வதா மிஸ்ஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒடிசலாக, ஜலதோஷத்தில் மூக்கு சிவந்து, கையில் கர்ச்சீஃபோடு உட்கார்ந்திருந்தார். இந்தச் சின்னப் பெண்ணா எனக்குப் புத்தி சொல்லப் போகிறது என்று தோன்றியது. அவர் பேசியது பெங்காலி. பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், சண்டை போடும் அளவுக்கு எனக்கும் அது வரும்.

"தீதி, முதல்ல இதைப் படிங்க" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். "வந்த முதல் நாளே எல்லாரையும் ஒண்ணு எழுதச் சொன்னேன். கணக்குன்னு கேட்டதும் உங்க உடம்புல என்ன நடக்குது? அவ்வளவுதான் கேள்வி. பாதிப் பேர் வயித்தைப் பிசையுதுன்னு எழுதினாங்க. சில பேர் வேர்க்குதுன்னு. மஹிமா எழுதினது மட்டும் எனக்குப் புரியல. உங்களக் கேட்டாத்தான் தெரியும்னு வச்சிருந்தேன்."

மஹிமாவின் சாய்ந்த கையெழுத்து. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இப்படி இருந்தது:

"எங்கள் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் விடை சொல்ல வேண்டும். முதல் விசிலில் கேள்வி புரியும். இரண்டாவதில் பாதிக் கணக்கு வந்திருக்கும். மூன்றாவது வரப்போகிறது என்று தெரிந்ததும் காது அடைத்துக்கொள்ளும், எண்கள் எல்லாம் போய்விடும். பரீட்சை ஹாலில் குக்கர் இல்லை. ஆனாலும் மூன்றாவது விசிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கிறேன். அது வருவதும் இல்லை, நான் காத்திருப்பது முடிவதும் இல்லை."

இரண்டு தடவை படித்தேன். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தும் அப்படியேதான் இருந்தது.

அந்த விசில் கணக்கைக் கண்டுபிடித்தவளே நான்தான். மஹிமா நான்காவது படிக்கும்போது ஆரம்பித்தது. நான் ஆபீஸிலிருந்து வர ஆறரை ஆகும். அரிசியும் வைக்க வேண்டும், பிள்ளைக்குக் கணக்கும் சொல்லித்தர வேண்டும். ஒரு நாள் விளையாட்டாக, "சோறு வேகதுக்குள்ள போட்டுரு பாப்போம்" என்றேன். எங்கள் வீட்டு அரிசிக்கு மூன்று விசில். அன்றைக்கு அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படியையும் கணக்கையும் ஒன்றாக முடிக்கிற வித்தையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் ஆரம்பித்தார்கள். அது ஆறு வருஷம் நடந்தது, ஞாயிற்றுக்கிழமைகூட விட்டதில்லை.

"தப்பா சொன்னா என்ன செய்வீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். அவளை நான் அடிச்சதே கிடையாது" என்றேன் ரோஷமாக.

"சரி. பின்ன என்னதான் நடக்கும்?"

"அடுப்பை அணைச்சிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். 'இது கூடவா?'ன்னு கேப்பேன். அவ்வளவுதான்."

சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் என்பது எவ்வளவு என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னபோதுதான் எனக்கே கேட்டது.

மிஸ் குத்திக் காட்டவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு இரண்டு விடைத்தாளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் மஹிமாவுடையது. ஒன்றில் இருபதுக்குப் பதினேழு, இன்னொன்றில் மூன்று.

"ரெண்டுலயும் ஒரே மாதிரிக் கணக்குதான் தீதி, எண்களை மட்டும் மாத்தினேன். பதினேழு எடுத்த அன்னைக்கு, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, முடிச்சிட்டு எழுந்திருங்கன்னேன். மூணு எடுத்த அன்னைக்கு, நாப்பது நிமிஷம்னு போர்டுல எழுதினேன். மஹிமாவுக்குக் கணக்கு வரும். பயம் அதுக்கு முன்னால வந்து நாற்காலியப் போட்டு உட்கார்ந்துடுது."

"இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன். நாளைக்கே செய்யறேன்."

"இதுலயும் அவசரமா?" என்று சிரித்தார். "சனிக்கிழமை வாங்க. பூலேர் கிளாஸ் இருக்கு."

பூல் என்றால் பெங்காலியில் தப்பு. தப்புகளுக்கென்றே ஒரு வகுப்பாம். அதில் தப்பாய்ப் போன கணக்குகளை மட்டும்தான் எடுப்பார்களாம். வாரம் ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து போர்டில் ஒரு கணக்குப் போட வேண்டுமாம்.

"நான் கணக்குல கோல்ட் மெடல்" என்றேன்.

"தெரியும். மஹிமா சொன்னா. அதனாலதான் கூப்பிடறேன்."

இதை வீட்டில் சொன்னதும் முதன்முதலாக மஹிமா பதறினாள். "மா, ப்ளீஸ், நீ வராதே!"

"ஏன், ஒன் ஃபிரெண்ட்ஸ் முன்னால எனக்கு இங்கிலீஷ் வராதுன்னா?"

"அது இல்ல மா. அங்க எல்லாரும் தப்பு பண்ணுவாங்க, சிரிப்பாங்க, அப்புறம் போடுவாங்க. நீ வந்து எல்லாத்தையும் ரைட்டா போட்டுட்டுப் போயிருவே. அப்புறம் எனக்கு அங்கயும் எடம் இல்லாம போயிரும்."

எனக்குச் சுருக்கென்றது. துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்ததும் உண்மை. இருபத்தைந்து பிள்ளைகள். மஹிமா மூன்றாவது பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஒரு சார்ட் தொங்கியது, மேலே 'இந்த வாரத்தின் நல்ல தப்பு' என்று எழுதி, கீழே யார் யார் என்னென்ன தப்புச் செய்தார்கள் என்று பெயரோடு ஒட்டியிருந்தார்கள். கௌசிக் என்று ஒரு பையன் எழுந்துவந்து, தான் மைனஸ் குறியை எங்கே விட்டுவிட்டுப் போனேன் என்று போர்டில் போட்டுக் காட்டினான். "எங்க வழுக்கிச்சு?" என்று மிஸ் கேட்க, அவன் வட்டம் போட்டுக் காட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்புக்குக் கைத்தட்டலா? ஹூக்ளி ஆற்றில் ஜோயார் என்கிற கடல் ஏற்றம் வருகிற நேரம் பார்த்துத்தான் டாக்குக்குள் கப்பலை விட முடியும். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு என்கிற தாள் என் கை வழியாகத்தான் போகிறது. அதில் நான் ஒரு தப்புச் செய்தால் வந்து கை தட்டுவார்களா?

"தீதி, வாங்க" என்றார் மிஸ்.

சாக்பீஸை வாங்கிக்கொண்டு போர்டுக்கு முன்னால் நின்றேன். மிஸ் கணக்கை வாசித்தார். ஒரு படகு எதிர் நீரோட்டத்தில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே தூரத்தை நீரோட்டத்தோடு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறது. மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன?

எனக்குச் சிரிப்பு வந்தது. நாளெல்லாம் ஆற்றோடும் ஏற்றவற்றத்தோடும் மாரடிக்கிறவளிடம் போய்ப் படகுக் கணக்கா! அவர் வாசித்து முடிப்பதற்குள், "ஐந்து" என்றேன்.

மிஸ் போர்டு ஓரத்தில் 5 என்று எழுதினார். "வேற யாருக்காவது வேற விடை வருதா?" என்றார். ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன.

"போட்டுக் காட்டுங்களேன் தீதி. அவசரமே இல்ல."

திரும்பிப் போர்டைப் பார்த்தேன். நான்கு, ஆறு. கூட்டினால் பத்து, பாதி ஐந்து. இதில் என்ன தப்பு இருக்க முடியும்? தூரம் எவ்வளவு என்று சொல்லவே இல்லையே, தூரம் இல்லாமல் எப்படி நேரம் பார்ப்பது? இதெல்லாம் கல்லூரியில் தூக்கத்தில்கூடப் போட்ட கணக்கு. ஆனால் அந்த நிமிஷம் தலைக்குள் ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது. உள்ளங்கை வேர்த்துச் சாக்பீஸ் நனைந்தது. முதுகுக்குப் பின்னால் இருபத்தைந்து பிள்ளைகள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. ஆனாலும் எனக்குள்ளே ஒருத்தி, "இது கூடவா?" என்றாள். அது என் குரல்தான்.

ஐயோ, இதைத்தானே என் பிள்ளை ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது என்று நினைத்தேன். சாக்பீஸை வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"மா."

மூன்றாவது பெஞ்சிலிருந்து. தமிழில் பேசினாள், அந்த வகுப்பில் வேறு யாருக்கும் புரியாத தமிழில்.

"தூரம் குடுக்கலல்ல? நீயே ஒண்ணு வச்சுக்கோ. எது வேணும்னாலும் வச்சுக்கலாம். பன்னெண்டு வச்சுக்கோ."

12 என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"போறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? மெதுவா போடு மா, படகு எங்கயும் ஓடிறாது."

"பன்னெண்டு... நாலு... மூணு மணி நேரம்."

"திரும்பி வர?"

"ரெண்டு."

"மொத்தம் எவ்ளோ தூரம் போயிட்டு வந்திருக்கு?"

"இருவத்தி நாலு. நேரம் அஞ்சு மணி." இருபத்து நான்கை ஐந்தால் வகுத்தேன். 4.8. பார்த்துக்கொண்டே நின்றேன். "அஞ்சு இல்லையே இது!"

"இல்ல மா. மெதுவா போறப்பதான் ரொம்ப நேரம் தண்ணில இருக்கோம். வேகமா போற நேரம் கொஞ்சம்தான். அதான் கொறையுது."

இதை அவள் எந்த முகத்தோடு சொன்னாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெயித்த முகம் இல்லை அது. காய்ச்சலில் கிடக்கிறவளுக்குக் கஞ்சி கொடுக்கிறவளின் முகம்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். "எங்க வழுக்கிச்சு தீதி?" என்று மிஸ் கேட்டார். இருபத்தைந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேள்வி முடியறதுக்குள்ள விடை சொன்னேன்" என்றேன்.

"மஹிமாவும் முதல்ல ஐந்துன்னுதான் சொன்னா. ரெண்டு நாள் இதை வச்சுக்கிட்டே திரிஞ்சா. மூணாவது நாள் பன்னெண்டு வச்சுப் பார்க்கலாம்னு அவளே வந்து சொன்னா" என்றார் மிஸ். சார்ட்டில் 'சகுந்தலா' என்று என் பெயரை எழுதி ஒட்டினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அலிப்பூர் ஜெயில் மதிலைத் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"என்ன மன்னிச்சிருட்டி."

"பரவால்ல மா" என்றாள், நான் சொல்லி முடிப்பதற்குள்.

அந்த வேகம்தான் என்னைக் குத்தியது. நான் பழக்கிவிட்ட வேகம் அது.

"ஒடனே சொல்லாத. யோசிச்சிச் சொல்லு. நான் ஒண்ணும் காத்துக்கிட்டு இல்ல."

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிடர்பூர் பாலம் வருகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். லாரிகள் வரிசை கட்டி நின்று பஸ் நகரவே இல்லை.

"கொஞ்சம் கோவம் இருக்கு மா" என்றாள். பிறகு, "நெறைய இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும். எங்கிட்ட இல்லாத கோவமா" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் இறங்கும்போது என் பையை அவள் வாங்கிக்கொண்டாள்.

புதிய படிவம் ஒன்றை மிஸ் கொடுத்தனுப்பியிருந்தார். மஹிமா அதைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஒட்டிவிட்டு என்னைப் பார்த்து, "ஸ்டாண்டர்டா பேசிக்கான்னு நான் யோசிக்கணும். நீ அதப் பத்தி ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாடு இருக்கிறதே! காபிக்குப் பால் எடுக்கப் போனால் படிவம். மோர் எடுக்கப் போனால் படிவம். வாய்வரைக்கும் வந்ததை எத்தனை தடவை விழுங்கினேன் என்று கணக்கே இல்லை. குக்கரை எடுக்கக் கை போகவில்லை. பானையில் சோறு வடித்தேன், அது குழைந்து களியாகிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

"இப்படி வாயக் கட்டிக்கிட்டு இருக்கியே, ஒடம்புக்கு ஆவுமா?" என்றார் என் கணவர்.

"சும்மா கெடங்க" என்றேன். அதைச் சொன்னதில் கொஞ்சம் தெம்பு வந்தது.

அவள் அன்று முழுவதும் வரைந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு வீட்டுப் படிக்கட்டு, வளைந்து வளைந்து மேலே போயிற்று. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எண்கள். இந்தப் பிள்ளையிடமிருந்து இதைப் பிடுங்கியது யார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குப் படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பெயர், வகுப்பு, ரோல் நம்பர் எல்லாம் நிரப்பியிருந்தாள். ஸ்டாண்டர்டு, பேசிக் என்று போட்டிருந்த இரண்டு கட்டமும் காலி.

"கையெழுத்துப் போடு மா. டிக் நான் அப்புறம் போட்டுக்கறேன்."

காலிப் படிவத்தில் கையெழுத்து! ஆபீஸில் பூர்த்தியாகாத தாளை நீட்டியதற்காக நான் அழவிட்டவர்கள் உண்டு. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கினோம். அவளுக்கு அலிப்பூர் பஸ், எனக்கு அந்த ஸ்டாப்பிலிருந்து டாக் கேட்டுக்குப் பத்து நிமிஷ நடை. வழக்கமாக நான் நிற்காமல் போய்விடுவேன். அன்று நின்றேன்.

"மா, ஒண்ணு கேக்கட்டா? இங்க கத்தக் கூடாது."

"கேளு."

"ஸ்டாண்டர்டு எடுத்து ஃபெயில் ஆயிட்டேன்னா, நீ என்ன பண்ணுவே?"

நீயாவது ஃபெயிலாவது என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். ஒன்றும் செய்ய மாட்டேன், மார்க்கா முக்கியம், நீ சந்தோஷமாக இருந்தால் போதும் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அது பொய். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவளுக்கே தெரியும். ஒரு பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள், அவசரப்படுத்தாமல்.

"கத்துவேன்" என்றேன். "கத்தாம என்னால இருக்க முடியாது, எங்கிட்ட அது நடக்காது. தெருவே கேக்கற மாதிரி கத்துவேன். கத்தி முடிச்சிட்டு ஒனக்குச் சோறு போடுவேன். சாப்ட்டுட்டு ரெண்டு பேருமா உக்காந்து எங்க போச்சுன்னு பாப்போம்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதாம்ட்டி. பின்ன என்ன நெனச்ச?"

அவள் படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கப்புறம் உனக்கு என்னப் புடிக்காம போயிரும்னு நெனச்சேன்."

நடு ரோட்டில் நின்று அழுதேன். கைவண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான், பார்க்கட்டும். "சவத்து மூதி, இதயா நெனச்சிக்கிட்டுத் திரிஞ்ச இத்தன வருசமும்? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? கேக்க விட்டாத்தான கேப்ப, ஒன்னயச் சொல்லி என்ன செய்ய!" திட்டுகிறேனா கெஞ்சுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"மா, கத்தற!"

"கத்துதேன்தான்!"

"சரி, கத்தறது ஓகே. அத நான் தாங்கிப்பேன்" என்றாள். தன் கையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. பிறகு என் தோளைப் பிடித்து, "திரும்பு" என்றாள்.

"எதுக்கு?"

"திரும்பேன்!"

திரும்பி நின்றேன். படிவத்தை என் முதுகில் வைத்து அழுத்தினாள். பேனா முனை ஒரு முறை கீழே இறங்கி மேலே ஏறியது. எந்தக் கட்டம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கேட்கவில்லை.

அவள் முன்னால் வந்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். ஸ்டாண்டர்டு.

"பயம் போகல மா. இருக்கு. ஆனா போட்டுட்டேன்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. படிவத்தைப் பையில் செருகிக்கொண்டு ஓடினாள். படியில் அவள் கால் வைப்பதைப் பார்த்த கண்டக்டர், டிரைவருக்குக் கேட்கும்படி பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, "ஆஸ்தே! லேடீஸ்! ஆஸ்தே!" என்று கத்தினார். மெதுவாக, பெண் ஏறுகிறாள் என்று இந்த ஊர்க் கண்டக்டர்கள் எல்லோரும் நாள் முழுக்கச் சொல்வதுதான். பஸ் நின்று, அவள் நன்றாக ஏறி உள்ளே போன பிறகுதான் கிளம்பியது.

அன்றைக்கு நான் ஆபீஸுக்கு இருபது நிமிஷம் லேட். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.